பற்றேட்டில் வாழ்ந்தவர்கள்: யுகத்தான் பண்ணை மாளிகை ஒன்றைப் பார்த்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழங்கட்டடங்களையும் பண்பாட்டையும் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். கோயில், கோட்டை, அரண்மனை பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு பண்ணை வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். அது மெக்சிகோவின் தென்கிழக்கே, யுகத்தான் தீபகற்பத்தில் இருக்கிறது. பெயர் யாஷ்கோபோயில். ஸ்பானியர் ஆண்ட நாடுகளில் இத்தகைய பெரும் பண்ணையை அசியெந்தா என்பார்கள். நிலம், முதலாளியின் மாளிகை, வழிபாட்டுக்கூடம், ஆலை, கடை, ஆட்களின் குடியிருப்பு என எல்லாம் சேர்ந்ததுதான் அசியெந்தா. இன்று யாஷ்கோபோயிலைப் பார்க்கப் போகிறவர்களின் கண்ணைப் பெரிதும் கவர்வது மாளிகை. அந்த மாளிகையை எழுப்பிய பணம் எப்படி வந்தது, யார் உடம்பிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதைப் பண்பாட்டுச் சின்னம் என்று சொல்ல முடியும் என்பது என் உறுதியான எண்ணம். இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். வட யுகத்தானில் ஆறு கிடையாது. நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை அத்தனையும் பாறை இடுக்குகளின் வழியாகக் கீழே இறங்கிவிடும். தரைக்கு அடியில் நீரோட்டம் உண்டு. மேலே பாறைக் கூரை இடிந்து விழுந்த இடங்களில் மட்டும் அந்த நீர் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பள்ளங்களுக்கு செனோத்தே என்று பெயர். மாயா மக்கள் தங்கள் ஊர்களையும் கோயில்களையும் பெரும்பாலும் அவற்றை ஒட்டியே அமைத்தார்கள். ஸ்பானியர் 1542இல் மெரிதா நகரை நிறுவிய பிறகு மெல்ல மெல்ல நாட்டுப்புறத்தில் மாட்டுப் பண்ணைகளைத் தொடங்கினார்கள். யாஷ்கோபோயில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பாறையை வெட்டிக் கிணறு தோண்டவும், கோவேறு கழுதையைப் பூட்டிச் சுற்றும் நீரிறைப்புச் சக்கரம் வைக்கவும் பணம் வேண்டும். அந்தப் பணம் பண்ணைக்காரரிடம் இருந்தது. வறட்சி வந்தபோதெல்லாம் மாயா உழவர்கள் அந்தக் கிணற்றை நாடி வந்தார்கள். தண்ணீருக்கும், சோளம் விதைக்க ஒரு துண்டு நிலத்துக்கும் ஈடாக, வாரத்தில் ஒருநாள், திங்கட்கிழமை, பண்ணைக்கு உழைத்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கிழமையின் பெயராலேயே அவர்களை 'லுனேரோ' என்று அழைத்தார்கள். பிற்காலக் கொடுமைகளோடு ஒப்பிட்டால் இது எளிய ஏற்பாடுதான். ஆனால் பிடி எங்கே விழுந்தது என்று பாருங்கள். கிணறு யாருடையதோ, ஆளும் அவருடையவர் ஆனார். ஆறில்லாத ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாட்டுப் பண்ணைக் காலம் விட்டுச்சென்ற இனிய சொத்து ஒன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாடுகளை வளைத்துப் பிடித்துச் சூட்டுக்கோலால் குறியிடுவார்கள். அந்த நாட்களை ஒட்டி விழா நடக்கும். அதுவே வாக்கெரியா. இன்றும் யுகத்தானின் ஊர்த் திருவிழாக்கள் வாக்கெரியாவோடுதான் தொடங்குகின்றன. அதில் ஆடப்படுவது ஹராணா. பெண்கள் வெள்ளைத் துணியில் பலவண்ணப் பூத்தையலிட்ட உடை உடுத்தி, உடம்பின் மேற்பாதி அசையாமல், கால்களால் மட்டும் தாளம் போட்டு ஆடுவார்கள். ஸ்பானிய நடனத்தின் கால்வேகமும் மாயாப் பெண்களின் உடையும் நிமிர்ந்த நிலையும் அதில் ஒன்றாகிவிட்டன. பண்ணைப் பண்பாடு என்றால் துயரம் மட்டும்தான் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த மக்கள் ஆடினார்கள், பாடினார்கள், மண்ணைத் தோண்டி அடுப்பமைத்து வாழையிலையில் பொதிந்து இறைச்சி வேகவைத்தார்கள். அவையெல்லாம் இன்று யுகத்தானின் பெருமைகள். அவற்றை உருவாக்கியவர்கள் மாளிகைக்கு வெளியே இருந்தவர்கள்.

மெரிதாவிலிருந்து தெற்கே, ஊஷ்மால் என்ற மாயா நகரின் இடிபாடுகளுக்குப் போகும் சாலையில், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவில் யாஷ்கோபோயில் இருக்கிறது. சாலையோரமாகவே மூரிய பாணியில் இரட்டை வளைவு ஒன்று நிற்கும். பின்னால் சுவர் அதிகம் இல்லை. வளைவு மட்டும் தனியே நிமிர்ந்து நிற்பதால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். உள்ளே தூண் வரிசையுள்ள நீண்ட தாழ்வாரம், மிக உயர்ந்த கூரையுள்ள அறைகள், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த தட்டுமுட்டுச் சாமான்கள், சிறிய வழிபாட்டுக்கூடம். பண்ணையின் நிலத்திலேயே பழைய மாயாக் குடியிருப்பின் எச்சங்கள் இருக்கின்றன. அங்கே கிடைத்த பொருள்களை ஓர் அறையில் வைத்திருக்கிறார்கள். 1864இல் தொனாசியானோ கார்சியா ரெஹோன் என்பவர் இந்தப் பண்ணையை வாங்கினார். அவர் குடும்பத்தார் வழிவழியாக அதைக் காத்துவந்திருக்கிறார்கள். பளபளப்பாகப் புதுப்பிக்காமல், சுவர்ச் சாயம் உதிர்ந்த நிலையிலேயே விட்டுவைத்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். காலம் எங்கெங்கே கடந்து போயிருக்கிறது என்று அந்தச் சுவரில் படிக்க முடிகிறது.

ஆனால் அந்த வளாகத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம் ஆலைக் கட்டடம். அங்கே ஜெர்மனியில் செய்த கோர்ட்டிங் எந்திரம் ஒன்று இருக்கிறது. 1913ஆம் ஆண்டினது. அது இயக்கியது எனெக்கென் என்ற கற்றாழையின் இலையிலிருந்து நார் உரிக்கும் எந்திரத்தை. எனெக்கென் என்பது நம் ஊரில் ரயில் பாதையோரம் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழையின் நெருங்கிய உறவு. மாளிகையின் உயர்ந்த கூரையும் ஐரோப்பியச் சாமான்களும் இந்தக் கற்றாழை நாரிலிருந்து வந்தவை.

கதை 1847க்குப் பிறகு திரும்புகிறது. அந்த ஆண்டு, நிலத்தையும் வரியையும் முன்னிட்டு மாயா மக்கள் வெள்ளையருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். வரலாற்றில் அதைச் சாதிப் போர் என்று எழுதினார்கள். ஒரு கட்டத்தில் மெரிதா நகரே வீழ்ந்துவிடும் என்ற நிலை. கிழக்கிலும் தெற்கிலும் இருந்த கரும்புத் தோட்டங்கள் அழிந்தன. தப்பிய முதலாளிகள் வடமேற்கின் வறண்ட பாறை நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே நன்கு விளைவது எனெக்கென் ஒன்றுதான். 1850களில் எஸ்தெபான் சோலிஸ் என்பவர் செய்த உரிப்புச் சக்கரம் கையால் சுரண்டும் வேலையை எந்திரத்துக்கு மாற்றியது. 1870களின் இறுதியில், வட அமெரிக்காவின் கோதுமை வயல்களில் கதிரை அறுத்துத் தானே கட்டாகக் கட்டிப்போடும் எந்திரம் வந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் கயிறு வேண்டும். கம்பியால் கட்டினால் மாட்டின் வயிற்றில் போய்விடும். நார்க்கயிறுதான் சரி. கன்சாஸில் கோதுமை பெருகப் பெருக, யுகத்தானில் கற்றாழை பெருகியது. முதலில் சீசல் என்ற துறைமுகத்திலிருந்தும், 1871 முதல் புரோகிரேசோ துறைமுகத்திலிருந்தும் பொதிகள் ஏறின. உலகம் அந்த நாரைப் பழைய துறைமுகத்தின் பெயராலேயே அழைத்துப் பழகிவிட்டது.

எனெக்கென் நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்தால்தான் முதல் வெட்டு. வளைந்த கத்தியால் இலையை அடியில் அறுத்து, நுனி முள்ளையும் இரு ஓரத்து முட்களையும் சீவி, ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும். நிழல் இல்லாத பாறை வெளி. கட்டுகளைக் கோவேறு கழுதை இழுக்கும் சிறு தண்டவாள வண்டியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுவருவார்கள். எந்திரம் சதையை நசுக்கி எறியும். நூறு கிலோ இலையில் தேறுவது சுமார் நாலு கிலோ நார். அதை வெயிலில் கம்பிகளின் மேல் விரித்துக் காயவைத்துப் பொதியாக அழுத்துவார்கள். இரண்டாயிரம் இலை வெட்டினால்தான் அன்றைய வேலை முடிந்தது என்று 1908இல் அங்கே போன ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதினார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு வேலைக்கு ஆள் வேண்டும். வந்த ஆள் போய்விடக் கூடாது. மாட்டுப் பண்ணைக்குத் திங்கட்கிழமை ஆள் போதும். எனெக்கென் ஆண்டு முழுவதும் வெட்டப்படுவது, அதற்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவை. அங்கேதான் கணக்கு நோட்டு வருகிறது.

பண்ணை ஒவ்வொன்றிலும் கடை ஒன்று இருந்தது. கூலி பெரும்பாலும் பணமாகத் தரப்படவில்லை. பண்ணையின் பெயர் பொறித்த பித்தளை வில்லைகள் தரப்பட்டன. அவை அந்தப் பண்ணையின் கடையில் மட்டும் செல்லும். ஒவ்வொருவர் பெயரிலும் இரண்டு கடன் கணக்குகள் எழுதப்பட்டன. மாயா மொழியில் அவற்றைச் சிறிய கணக்கு, பெரிய கணக்கு என்றார்கள். சோளம், துணி, மருந்து என்று அன்றாடம் வாங்கியது சிறிய கணக்கில் ஏறும். திருமணம் போன்ற பெருஞ்செலவு பெரிய கணக்கில் ஏறும். இளைஞனுக்குத் திருமணம் என்றால் முதலாளி செலவுக்குப் பணம் கொடுப்பார். துணி, நகை, சாராயம், சாமியார் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். வாழ்க்கை தொடங்கும் நாளிலேயே பெரிய கணக்கும் தொடங்கிவிடும். அந்தக் கடனைத் திருப்பி வாங்க முதலாளி அவசரப்படவில்லை. கடன் அடைந்தால் ஆள் போய்விடுவானே! அடையாத கடனே அவருடைய சொத்து.

ஒருவர் வேறு பண்ணைக்கு மாற விரும்பினால், இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய கணக்குச் சீட்டு வேண்டும். புது முதலாளி அந்தத் தொகையைக் கட்டினால் ஆள் மாறலாம். சீட்டில்லாதவரை வேலைக்கு வைப்பது குற்றம். ஓடிப்போனால் தேடிப் பிடித்துவர ஆட்கள் இருந்தார்கள். பண்ணைக்குள்ளேயே சிறை இருந்தது. கசையடி இருந்தது. இதற்கெல்லாம் மேலாக 'ஃபஹீனா' என்று, கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய பொதுவேலையும் இருந்தது.

இந்தக் கணக்குச் சீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே மலையகம் நினைவுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்னாட்டிலிருந்து நம் மக்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். வழிச்செலவும் முன்பணமும் கடனாக அவர்கள் தலையில் ஏறியது. இன்னாருடைய ஆட்களின் கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விட்டுக்கொடுக்கிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அந்தத் துண்டு கைமாறினால் ஆட்கள் கைமாறினார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை நிறுத்தினார்கள். யுகத்தானின் பண்ணைக்காரருக்கும் கண்டிச் சீமைத் துரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதும் இல்லை. ஆனால் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகு ஆளைக் கட்டிப்போட எது வசதி என்று தேடிய முதலாளிகள், கடல் பல கடந்த இரண்டு இடங்களிலும் ஒரே காகிதத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் யாஷ்கோபோயில் போன்ற இடம் ஒரு தமிழனுக்கு அந்நியமான சுற்றுலாத் தலமாக இருக்க முடியாது.

மாயா மக்கள் போதவில்லை என்று ஆனபோது வேறு இடங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மெக்சிகோவின் வடமேற்கே சொனோராவில் தங்கள் நிலத்துக்காகப் போராடிய யாக்கி இனத்தவரை, 1900களில், அரசே ஆயிரக்கணக்கில் பிடித்து யுகத்தானுக்கு நாடுகடத்தியது. வறண்ட மலைக்காற்றில் வளர்ந்தவர்கள் அந்தப் புழுக்கத்தில் மடிந்தார்கள். 1905 ஏப்ரலில் கொரியாவின் இஞ்சியோன் துறைமுகத்திலிருந்து இல்ஃபோர்டு என்ற கப்பலில் 1,033 கொரியர்கள் புறப்பட்டார்கள். நாலாண்டு ஒப்பந்தம், நல்ல கூலி என்று விளம்பரம் சொன்னது. வந்து சேர்ந்தது எனெக்கென் முட்களுக்கு நடுவே. 1909இல் ஒப்பந்தம் முடிந்தபோது திரும்பக் கையில் காசில்லை. அடுத்த ஆண்டு ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. திரும்பிப் போக நாடும் இல்லாமல் போயிற்று. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் மெரிதாவில் இருக்கிறார்கள். நகரில் அவர்களுக்கென ஒரு சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது. யுகத்தான் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. கிம் யோங்-ஹா எழுதிய 'கறுப்புப் பூ' என்ற கொரிய நாவல் அவர்களைப் பற்றியதுதான்.

1902இல் அமெரிக்காவின் அறுவடை எந்திரத் தொழிற்சாலைகள் இணைந்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் உருவாயிற்று. அதே ஆண்டு, யுகத்தானின் ஆளுநராக இருந்த ஒலெகாரியோ மொலினாவின் வணிக நிறுவனத்தோடு அது இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டது. நாரின் விலையைக் கீழே இறக்குவதுதான் நோக்கம். விலை இறங்கியபோது சிறு பண்ணைக்காரர்கள் கடனில் விழுந்தார்கள். பாரம் கடைசியில் வெட்டுகிறவன் முதுகுக்கே வந்தது. மொலினா பிறகு மெக்சிகோ அரசின் அமைச்சரானார். அந்தச் செல்வத்தில் எழுந்த மாளிகைகள்தான் மெரிதாவின் மோந்தேஹோ அகல்சாலையில் இன்றும் அணிவகுத்து நிற்கின்றன.

1906இல் அதிபர் போர்பிரியோ தியாஸ் யுகத்தானுக்கு வந்தார். சுன்சுக்மில் என்ற பண்ணையைக் காட்டினார்கள். அவர் வருகிறார் என்று குடிசைகள் அலங்கரிக்கப்பட்டன. பார்த்துவிட்டு, இங்கே அடிமைத்தனம் என்பது அவதூறு என்று அவர் பாராட்டிப் பேசிவிட்டுப் போனார். இரண்டு ஆண்டு கழித்து, நான் முன்பு குறிப்பிட்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் கென்னத் டர்னர் பணக்கார முதலீட்டாளர் போல வேடமிட்டு யுகத்தானுக்குப் போனார். பண்ணை வாங்க வந்தவர் என்று நம்பிய முதலாளிகள் மனம்விட்டுப் பேசினார்கள். ஓர் ஆளுக்கு 400 பெசோ என்று விலை சொன்னார்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்பதை அந்த விலை பொருட்படுத்தவில்லை, எல்லாருக்கும் ஒரே விலை. கடன் என்பது வெறும் பெயர், விற்கப்படுவது மனிதன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம் என்று டர்னர் கண்டுகொண்டார். 'காட்டுமிராண்டி மெக்சிகோ' என்ற அவருடைய நூல் 1910இல் வெளிவந்தது. தியாஸ் பார்த்ததும் டர்னர் பார்த்ததும் ஒரே வகைப் பண்ணைகளைத்தான். வரவேற்பைப் பார்க்கப் போனவருக்கு வரவேற்பு தெரிந்தது. விலை கேட்டவருக்கு விலை தெரிந்தது. பழைய பண்ணைக்குப் போகிற எந்தப் பயணிக்கும் இந்த இரண்டு வழிகள் இன்றும் திறந்திருக்கின்றன.

அடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915 மார்ச்சில் மெக்சிகோப் புரட்சிப் படையோடு மெரிதாவுக்குள் நுழைந்த சால்வதோர் ஆல்வரதோ, கடன்களைச் செல்லாதவையாக்கி ஆட்களை விடுவித்தார். பண்ணை முதலாளிகளை அவர் 'தெய்வ சாதி' என்று குறிப்பிட்டது இன்றுவரை யுகத்தானில் வழங்குகிறது. அடுத்துவந்த ஃபெலிப்பே கரியோ புவேர்த்தோ மாயா மொழி பேசியவர், மக்களிடம் அந்த மொழியிலேயே அவர்கள் உரிமைகளைச் சொன்னவர். 1924 ஜனவரி 3ஆம் நாள் மெரிதா கல்லறைச் சுவரில் நிறுத்தி அவரைச் சுட்டுக்கொன்றார்கள். கூடவே அவருடைய சகோதரர்கள் மூவரையும். 1937இல் அதிபர் லசாரோ கார்தெனாஸ் எனெக்கென் நிலங்களை உழைப்பவருக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆனால் மாளிகையும் ஆலையும் ஒரு பங்கு நிலமும் முதலாளியிடமே தங்கின. இலை உழவரிடம், எந்திரம் முதலாளியிடம். இந்தப் பிரிவினை சீர்திருத்தத்தின் கழுத்தை நெரித்தது என்பது என் தீர்ப்பு. உலகச் சந்தையும் கைவிட்டுவிட்டது. 1893இலேயே ஜெர்மானியர் ஒருவர் ஆயிரம் சீசல் கன்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப, உயிர்பிழைத்த 62 கன்றுகளிலிருந்து அங்கே பெருந்தொழில் வளர்ந்திருந்தது. பிறகு செயற்கை இழைக் கயிறு வந்தது. அரசு நடத்திய கோர்தெமெக்ஸ் ஆலைகள் 1990களின் தொடக்கத்தில் அரசின் கையைவிட்டுப் போயின. யாஷ்கோபோயிலின் எந்திரம் 1984இலேயே நின்றுவிட்டது.

இன்று பல அசியெந்தாக்கள் சொகுசு விடுதிகள். தெமொசோன் பண்ணையில் 2007இல் அமெரிக்க, மெக்சிகோ அதிபர்கள் சந்தித்துப் பேசினார்கள். பழைய ஆலைக்கூடத்தில் உணவகம், நீர்த்தொட்டி இருந்த இடத்தில் நீச்சல் குளம். இடிந்து மண்ணாகப் போயிருக்க வேண்டிய கட்டடங்கள் இதனால் பிழைத்தன என்பது உண்மை. சுற்றுவட்டார மாயாக் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது என்பதும் உண்மை. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு பண்ணையின் சுவருக்குச் சரியான காவி நிறம் எது என்று ஆராய்ந்து பூசுகிறவர்கள், அதே பண்ணையின் பெரிய கணக்கில் யார் யார் பெயர் இருந்தது என்று ஆராய்ந்து சுவரில் எழுதிவைக்கலாம். முன்னதற்குச் செலவாகும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. மாளிகை அறைகளுக்கு விளக்கப் பலகை உண்டு, வெளியே ஓலைக் கூரை வீடுகளுக்கு இல்லை என்றால், நாம் இன்னும் 1906இல் தியாஸுக்குக் காட்டிய பண்ணையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் கண்டிக்கு அருகே ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் உண்டு. அங்கே துரைமாரின் எந்திரங்களும் பொருள்களும் வரிசையாக இருக்கின்றன. அதோடு, கம்பளைப் பக்கம், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான ஒரு பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றையும் அமைத்திருக்கிறார்கள். தொழிலாளி வாழ்ந்த அறையே அங்கே காட்சிப்பொருள். உலகத்தின் எந்தப் பண்ணை மாளிகைக்கும் இது முன்மாதிரி என்று நான் கருதுகிறேன்.

இந்த அவையிலும், இதை அச்சில் படிப்பவர்களிலும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தார் இருக்கலாம். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் வாழும் அத்தகைய வீடுகளில் தகரப்பெட்டிக்குள் தோட்டத்துச் சீட்டுகள், பற்று எழுதிய நோட்டுகள், பேர் பதிந்த அட்டைகள் இருக்கும். பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் படியெடுத்துச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கோ கொடுங்கள். பாட்டி தாத்தா இருந்தால், யார் கங்காணி, எந்தத் தோட்டம், கடன் எவ்வளவு என்று கேட்டு, தேதியிட்டு எழுதிவையுங்கள். மாணவர்களே, இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.